இரண்டாவது நிலவுக்கு வானில் இடம் இருக்கிறதா?

2024 செப்டம்பர் மாதக் கடைசியில், பூமிக்கு இரண்டாவது நிலா கிடைக்கப்போகிறது என்ற செய்தி நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் ஒரே சமயத்தில் பரவியது. அதை நம்பி மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தவர்கள் வழக்கமான நிலவையும் விண்மீன்களையும் மட்டும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வந்த விருந்தாளியின் நீளம் ஏறத்தாழ பத்து மீட்டர்தான். ஒரு பேருந்தளவுள்ள கல், நிலவைவிடப் பன்மடங்கு தொலைவில் இருந்தது. வீட்டில் வைத்திருக்கும் தொலைநோக்கிக்குக்கூட அது அகப்படாது. பார்த்தவர்கள் எதிர்பார்த்தது வேறு. கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக, ஒன்று தேயும்போது மற்றது வளர்வதாக, கண்ணுக்கு நிறைவான இரண்டு நிலவுகளை அவர்கள் எதிர்பார்த்தார்கள். அப்படிப்பட்ட நிலவு பூமிக்கு இருக்க முடியுமா, இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வானியலில் தெளிவான விடைகள் உள்ளன. அவற்றுள் சில, ஆசைப்பட்டவரைச் சற்றுத் தயங்க வைக்கக்கூடியவை.

முதலில் அந்த விருந்தாளியைப் பற்றி. 2024 பி.டி.5 என்று பெயரிடப்பட்ட அந்தக் குறுங்கோளை, தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 ஆகஸ்ட் 7 அன்று கண்டுபிடித்தது. பூமியின் பாதையை ஏறத்தாழ ஒட்டியே சூரியனைச் சுற்றிவரும் குறுங்கோள்களுக்கு 'அர்ஜுனா' கூட்டம் என்று வானியலாளர்கள் மகாபாரதப் பெயரை வைத்திருக்கிறார்கள். இதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பூமியோடு ஏறத்தாழ இணைந்தே நகர்வதால் இவற்றின் ஒப்பு வேகம் குறைவு. அதனால் எப்போதாவது ஒன்று பூமியின் ஈர்ப்பில் தற்காலிகமாகச் சிக்கிக்கொள்கிறது. 2024 பி.டி.5 செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை, 57 நாள் அப்படிச் சிக்கியிருந்தது. அந்தக் காலத்தில் அது பூமியை ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றவில்லை. வாசல்வரை வந்து, திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனது என்று சொல்லலாம்.

முறையாகச் சுற்றிவிட்டுப் போனவையும் உண்டு. 2006 ஆர்.எச்.120 என்ற சில மீட்டர் அளவுள்ள கல், 2006-இன் நடுப்பகுதியிலிருந்து 2007-இன் நடுப்பகுதி வரை பூமியைச் சுற்றியது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் கேட்டலினா வானாய்வுத் திட்டத்தினர் கண்டுபிடித்த 2020 சி.டி.3, ஒன்றிரண்டு மீட்டர் அளவுதான். கண்டுபிடிப்பதற்கு முன்பே அது சில ஆண்டுகளாகப் பூமியைச் சுற்றிவந்திருக்கிறது, கண்டுபிடித்த சில மாதங்களுக்குள் விலகியும் போய்விட்டது. ஒரு மீட்டர் அளவுள்ள இத்தகைய கல் ஒன்றாவது எந்த நேரத்திலும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று மிக்கேல் கிரான்விக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2012-இல் வெளியிட்ட கணக்கீடு கூறியது. எவ்வளவு பெரியதாக இருந்தால் ஒன்றை நிலவு என்று அழைக்கலாம் என்பதற்கு அதிகாரபூர்வமான கீழ் எல்லை எதுவும் கிடையாது. ஆகவே சொற்கணக்கில் பார்த்தால் நம் ஆசை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது.

இவற்றோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வகையும் உண்டு. 1986-இல் கண்டுபிடிக்கப்பட்ட, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அகலமுள்ள குரூயித்னி என்ற குறுங்கோள் சூரியனைச் சுற்ற 364 நாள் எடுத்துக்கொள்கிறது. பூமியின் ஆண்டும் இதுவும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், பூமியிலிருந்து பார்க்கும்போது அது நம்மோடு கூடவே திரிவதுபோலத் தோன்றும். 1997-இல் இதன் பாதை விளக்கப்பட்டபோதும் 'இரண்டாவது நிலா' என்றே உலகெங்கும் எழுதினார்கள். ஆனால் அது சுற்றுவது சூரியனை, பூமியை அல்ல. பூமி நாளையே காணாமல் போனாலும் அதன் பாதையில் பெரிய மாற்றம் இருக்காது.

உண்மையான, நிலையான இரண்டாவது நிலவைத் தேடிய வரலாறு இதைவிடப் பழையது. பிரான்சின் துலூஸ் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த பிரெடரிக் பெத்தி, பூமிக்கு இன்னொரு நிலவைக் கண்டுபிடித்துவிட்டதாக 1846-இல் அறிவித்தார். அவருடைய கணக்கின்படி அது 2 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். மிக அருகே வரும்போது அதன் உயரம் 11.4 கிலோமீட்டர். இன்றைய பயணிகள் விமானம் பறக்கும் உயரம் அது. அவ்வளவு அடர்த்தியான காற்றுக்குள் புகுந்த பொருள் ஒரு சுற்றுகூடத் தாங்காமல் எரிந்து விழுந்திருக்கும். 1898-இல் ஹாம்பர்க் நகரத்து ஜியார்ஜ் வால்டெமாத் வேறொன்றை முன்வைத்தார். 700 கிலோமீட்டர் விட்டம், பூமியிலிருந்து 10.3 லட்சம் கிலோமீட்டர் தொலைவு, சுற்றுக்காலம் 119 நாள். அது சூரியனைக் கடந்துபோகும் நாளையும் குறித்துக் கொடுத்தார். ஜெர்மனியில் ஓர் அஞ்சலகத்தின் ஊழியர்கள் அதைக் கண்டதாகச் சொன்னார்கள். அதே நேரத்தில் சூரியனை நோக்கிய வானியலாளர்களின் கண்ணில் பட்டவை வழக்கமான சூரியப் புள்ளிகளே. வானியலாளர்கள் கைவிட்ட பிறகும் சோதிடர்கள் இதைக் கைவிடவில்லை. செபேரியல் என்ற ஆங்கிலச் சோதிடர் இதற்கு லிலித் என்று பெயர் சூட்டி, பிறப்புக் கணக்கிலும் சேர்த்துக்கொண்டார். கடைசியாக, புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டாம்பா 1950-களில் அமெரிக்க ராணுவத்தின் ஆதரவோடு பூமியைச் சுற்றும் இயற்கைத் துணைக்கோள்களை முறையாகத் தேடினார். ராக்கெட் விடத் தொடங்கும் முன்பு வழியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எதுவும் அகப்படவில்லை.

வால்டெமாத்தின் நிலவில் இருந்த பிழையைப் புரிந்துகொண்டால், பூமிக்கு அருகே எவ்வளவு இடம் உள்ளது என்பது விளங்கும். பூமியின் ஈர்ப்பு எங்கும் பரவியிருந்தாலும், ஒரு தொலைவுக்கு அப்பால் ஒரு பொருளைப் பூமியைச் சுற்றவிடாமல் சூரியனின் இழுப்பு பிரித்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த எல்லை பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டரில் உள்ளது. இந்த எண் நமக்குப் புதிதல்ல. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம் நிலைகொண்டிருப்பது அந்த எல்லையின் சூரியப் பக்க விளிம்பில்தான். அந்த விளிம்புவரை ஒரு நிலவை நிறுத்திவிட முடியாது. நம் நிலவு சுற்றும் திசையிலேயே சுற்றும் ஒரு பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டுமானால், அந்தத் தொலைவில் பாதிக்குள்ளாவது இருக்க வேண்டும். வால்டெமாத் சொன்ன 10.3 லட்சம் கிலோமீட்டர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

மிஞ்சுவது ஏழு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம். அதன் நடுவே, சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், நம் நிலவு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. நிலவு சிறியதல்ல. பூமியின் எடையில் 81-இல் ஒரு பங்கு அது. கோளோடு ஒப்பிட்ட அளவில், சூரியக் குடும்பத்தின் எட்டுக் கோள்களில் வேறு எதற்கும் இவ்வளவு பெரிய துணை கிடையாது. தன்னைச் சுற்றி 60,000 கிலோமீட்டர் வரை அது தன் சொந்த ஈர்ப்பைச் செலுத்துகிறது. அதன் தொந்தரவு அதற்கும் அப்பால் நெடுந்தொலைவு எட்டுகிறது. நிலவுக்கு வெளியே மிஞ்சியிருக்கும் குறுகிய வளையத்தில் எதை வைத்தாலும் ஒரு பக்கம் நிலவும் மறுபக்கம் சூரியனும் அதை அலைக்கழிக்கும். ஆக, இரண்டாவது நிலவுக்கு இடம் உண்டென்றால் அது உட்பக்கம்தான். அங்கும் மிக நெருங்கிவர முடியாது; மிக அருகே வந்தால் பூமியின் ஈர்ப்பே அதைப் பிய்த்துத் துகள்களாக்கி வளையமாகப் பரப்பிவிடும்.

சரி, உட்பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, நம் நிலவில் பாதி விட்டமுள்ள, அதே வகைப் பாறையாலான ஒரு நிலவைப் பாதித் தொலைவில் வைக்கலாம். பாதி விட்டம், பாதித் தொலைவு என்பதால் வானில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். மொட்டைமாடியில் நின்றவர்கள் ஆசைப்பட்ட காட்சி இதுவே.

விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிறது. எட்டில் ஒரு பங்கு எடையுள்ள சிறு நிலவு கடலை அவ்வளவாக அசைக்காது என்று தோன்றக்கூடும். ஆனால் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, எழுப்பும் விசை தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைவது. தொலைவு பாதியானால் அது எட்டு மடங்காகிறது. எட்டில் ஒரு பங்கும் எட்டு மடங்கும் ஒன்றையொன்று சரிக்கட்டி, சிறு நிலவு எழுப்பும் ஓதமும் பெரிய நிலவு எழுப்பும் ஓதமும் சமமாகின்றன. இது தற்செயலல்ல. ஒரே அடர்த்தியுள்ள வான்பொருள்கள் எங்கே இருந்தாலும், எவ்வளவு எடையோடு இருந்தாலும், வானில் எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றனவோ அதைப் பொறுத்தே கடலை இழுக்கின்றன. சூரியனும் நிலவும் வானில் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிந்தும் சூரியனின் ஓதம் நிலவுடையதில் பாதிக்கும் குறைவாக இருப்பதன் காரணமும் இதுவே: நிலவுப் பாறையின் அடர்த்தி நீரைப்போல் 3.34 மடங்கு, சூரியனுடையது 1.41 மடங்கு மட்டுமே. கண்ணுக்கு நிறைவான ஒரு நிலவை வேண்டுகிறவர், அதே அளவுக்குக் கடலையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறார். இழுக்காத, அழகுக்கு மட்டுமான பெரிய நிலவு என்று ஒன்று கிடையாது. பாறைக்குப் பதிலாகப் பனிக்கட்டியால் செய்தால் இழுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இந்த இரட்டை இழுப்பு கடலில் எப்படித் தெரியும்? நம் நிலவின் ஓதத்தை 1 என்று வைத்துக்கொண்டால் சூரியனுடையது ஏறத்தாழ 0.46. இன்று அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் கூடி 1.46 ஆகின்றன, அட்டமியை ஒட்டிய நாட்களில் ஒன்றையொன்று குறைத்து 0.54 ஆகின்றன. இரண்டாவது நிலவும் சேர்ந்தால், மூன்றும் ஒரே கோட்டில் வரும் நாட்களில் 2.46 வரை ஏறும். இன்றைய உச்சத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு. நிலவுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கும் நாட்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, சூரியனின் சிறு ஓதம் மட்டுமே மிஞ்சும். நிலவுகள் இரண்டும் ஒரே பக்கமோ எதிரெதிர்ப் பக்கமோ வருவது ஏழரை நாளுக்கு ஒருமுறை நிகழும் என்பதால், கடல் வாரந்தோறும் மிக உயர்ந்தும் ஏறத்தாழ அசையாமலும் மாறிமாறி இருக்கும். ஓத வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே உள்ள சென்னைக் கரையில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். குஜராத்தின் காம்பே வளைகுடாவிலும், 16 மீட்டர் வரை நீர் ஏறும் கனடாவின் பண்டி விரிகுடாவிலும் ஊர்களின் கரைக்கோட்டையே வேறிடத்தில் வரைய வேண்டியிருந்திருக்கும்.

நாட்காட்டியின் பாடு இதைவிடச் சிக்கலானது. பாதித் தொலைவில் உள்ள நிலவு பூமியைச் சுற்ற ஏறத்தாழ 9.7 நாள் எடுத்துக்கொள்ளும். பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்குப் பத்து நாள். தமிழில் திங்கள் என்ற ஒரே சொல் நிலவையும் மாதத்தையும் குறிப்பது, வானில் ஒரே ஒரு நிலவு இருப்பதால் சாத்தியமான வசதி. திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் காலம். சிறிய நிலவின் திதி எட்டு மணி நேரத்தில் முடிந்துபோகும். ஒரே நாளில் மூன்று திதிகள் வந்துபோகும். வானத்தை 27 நட்சத்திரங்களாகப் பிரித்ததும் நிலவு 27 நாளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு சுற்றை முடிப்பதால் அமைந்த கணக்கே. சிறிய நிலவோ நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நட்சத்திரங்களைத் தாண்டிக்கொண்டிருக்கும். நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாது என்பவர்கள் எந்த நிலவின் நாலாம் பிறை என்று முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் கணித்துத் தருவதும் எளிதாக இருக்காது. நிலவும் பூமியும் சூரியனும் மட்டும் இருக்கும்போதே நிலவின் பாதையைக் கணக்கிடுவது நியூட்டனைப் படாதபாடு படுத்திய வேலை. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும் இரண்டு நிலவுகளின் கிரகணங்களை முன்கூட்டிச் சொல்லப் பழங்கால வானியலாளர்கள் மிகவும் திணறியிருப்பார்கள்.

இருளும் குறைந்துபோகும். இன்று மாதத்தில் சில இரவுகளாவது நிலவில்லாமல் இருக்கின்றன; வானாய்வகங்கள் மங்கலான பொருள்களைப் பார்க்க அந்த இரவுகளுக்காகக் காத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பவளங்கள் ஆண்டுக்கொரு முறை, பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் ஒட்டுமொத்தமாக இனப்பெருக்கம் செய்கின்றன. பத்து நாளுக்கொரு பௌர்ணமி வரும் வானத்தில் அவை வேறு ஏதோ ஒரு குறியைத்தான் பற்றிக்கொண்டிருக்கும். இரவுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே செயற்கையாக ஒரு நிலவை அமைக்கவும் மனிதர்கள் முயன்றிருக்கிறார்கள். 1993 பிப்ரவரியில் ரஷ்யர்கள் ஸ்னாம்யா என்ற 20 மீட்டர் அகலக் கண்ணாடியை விண்வெளியில் விரித்து, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அகலமுள்ள ஒளித்திட்டு ஒன்றை ஐரோப்பாவின் மீது ஓட்டிக்காட்டினார்கள். 1999-இல் இதைவிடப் பெரிய கண்ணாடியை விரிக்க முயன்றபோது அது விண்கலத்தின் ஆன்டெனாவில் மாட்டிக்கிழிந்தது. அத்தோடு அந்த முயற்சி முடிந்தது.

நாம் கற்பனையில் வைத்த இரண்டு நிலவுகளும் நெடுங்காலம் அங்கேயே இருக்கமாட்டா என்பதுதான் இந்தக் கணக்கின் மிக முக்கியமான பகுதி. நிலவு கடலில் எழுப்பும் புடைப்பைப் பூமி தன் சுழற்சியால் சற்று முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் புடைப்பு நிலவை முன்னோக்கி இழுக்க, நிலவு மெல்ல வெளியே விலகுகிறது. பூமியின் சுழற்சி அதற்கு ஈடாக மெல்லக் குறைகிறது. அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்ததில், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவது உறுதியாகியிருக்கிறது. அருகே உள்ள நிலவு இதைவிட விரைவாக விலகும். நம் நிலவின் இன்றைய வேகத்தையே அளவுகோலாகக் கொண்டால், பாதித் தொலைவில் உள்ள சிறு நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் வெளியே நகரும். பின்னால் வருபவர் வேகமாகவும் முன்னால் போகிறவர் மெதுவாகவும் நடந்தால் என்றாவது எட்டிப் பிடித்தே தீர வேண்டும். எட்டிப்பிடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இடைவெளி சில பத்தாயிரம் கிலோமீட்டர் சுருங்கினாலே இரண்டும் ஒன்றன் பாதையை மற்றொன்று குலைக்கத் தொடங்கிவிடும். அதற்குச் சில பத்துக் கோடி ஆண்டுகள் போதும். பூமியின் வயது 450 கோடி ஆண்டுகளுக்கு மேல். முடிவில் சிறியது பெரியதன்மீது மோதலாம், வெளியே எறியப்படலாம், பூமியின் மீதே விழலாம்.

அப்படியொன்று உண்மையிலேயே நடந்து முடிந்திருக்கக்கூடும் என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். 1959-இல் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 விண்கலம் நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படம்பிடித்தபோது, அது நாம் பார்க்கும் முகத்தைப்போல் இல்லை. இந்தப் பக்கம் நாம் முயலென்றும் பாட்டியென்றும் சொல்லும் கருந்திட்டுகள் பரந்து கிடக்கின்றன. அந்தப் பக்கத்தில் அவை மிகக் குறைவு, மேட்டுநிலமே எங்கும். அங்கே மேலோடும் தடிமனானது. மார்ட்டின் யூட்சியும் எரிக் ஆஸ்பாகும் 2011-இல் நேச்சர் இதழில் இதற்கொரு விளக்கம் தந்தார்கள். பூமியின்மீது கோளளவுள்ள பொருள் ஒன்று மோதிச் சிதறிய துண்டுகளிலிருந்து நிலவு உருவானபோது, அதே பாதையில் ஏறத்தாழ 1,270 கிலோமீட்டர் விட்டமுள்ள இன்னொரு சிறு நிலவும் உருவாகியிருக்கலாம். இரண்டும் வெளியே நகர நகர அது நிலைகுலைந்து நம் நிலவின் மறுபக்கத்தின்மீது நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் மோதியிருக்கலாம். விண்வெளி மோதல்களுக்கு அது மிக மந்தமான வேகம். ஆகவே பள்ளம் தோண்டாமல், சேற்றை அள்ளி அப்பியதுபோல் மறுபக்கத்தில் ஒரு மேட்டுநிலமாகப் படிந்துவிட்டது என்பது அவர்களுடைய கருத்து. இது இன்னும் நிறுவப்படவில்லை; மறுபக்க வேறுபாட்டுக்கு வேறு விளக்கங்களும் உள்ளன. 2024-இல் சீனாவின் சாங்ஙே-6 மறுபக்கத்திலிருந்து முதன்முறையாக மண்ணும் கல்லும் கொண்டுவந்திருப்பதால் இந்த விவாதம் இனி வெறும் கணினிக் கணக்குகளை மட்டும் நம்பி நடக்காது.

இரண்டு நிலவுகள் ஒரு கோளை இன்றும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்க்குப் போக வேண்டும். 1877-இல் ஆசாப் ஹால் கண்டுபிடித்த போபோசும் டெய்மோசும் பக்கத்தில் ஓடி ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம், அவை மிகச் சிறியவை என்பதே. ஒன்று ஏறத்தாழ 22 கிலோமீட்டர், மற்றது 12. போபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுவதால் செவ்வாயில் நிற்பவருக்கு அது மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். நம் முழுநிலவில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் தெரியும். டெய்மோஸ் ஒரு பிரகாசமான விண்மீனைப் போலவே தோன்றும். 2013 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி, போபோஸ் டெய்மோசை மறைத்துக் கடந்துபோவதைப் படம்பிடித்து அனுப்பியது. கோள் சுழல்வதைவிட விரைவாகச் சுற்றும் நிலவுக்கு ஓத இழுப்பு எதிர்த்திசையில் வேலை செய்யும். எனவே போபோஸ் விலகாமல் செவ்வாயை நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று முதல் ஐந்து கோடி ஆண்டுகளில் அது உடைந்து வளையமாகும் அல்லது தரையில் விழும். அப்போது செவ்வாயும் நம்மைப்போல் ஒற்றை நிலவோடு நிற்கும்.

மறுபடியும் நம் திண்ணைக்கு வந்துபோன பேருந்தளவுக் கல்லுக்கு வருவோம். 2024 பி.டி.5-இன் ஒளியைப் பகுத்துப் பார்த்தபோது அது வழக்கமான குறுங்கோள்களைவிட நிலவுப் பாறையை ஒத்திருப்பது தெரிந்தது. 2016-இல் ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த கமோஓஆலேவா என்ற குறுங்கோளின் கதையும் இதுவே. பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றிவரும் அது 40 முதல் 100 மீட்டர் வரை அகலம் கொண்டது. அதன் நிறமாலையும் நிலவுப் பாறையின் சாயலைக் காட்டுகிறது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள, 22 கிலோமீட்டர் அகலமுள்ள ஜியோர்டானோ புரூனோ பள்ளத்தைத் தோண்டிய மோதலில் தெறித்துவந்த துண்டாக அது இருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டுச் சொன்னது. அதன் மண்ணை அள்ளிவருவதற்காகச் சீனாவின் தியான்வென்-2 விண்கலம் 2025 மே மாதம் புறப்பட்டது. 2027-இன் இறுதியில் மாதிரி பூமிக்கு வந்துசேர வேண்டும் என்பது திட்டம். கணிப்பு சரியாக இருந்தால், இரண்டாவது நிலவென்று நாம் பெயர் சூட்டி வரவேற்றவற்றில் சிலவாவது முதல் நிலவிலிருந்து உடைந்து போன துண்டுகளே.